ஒட்டுக்குக் கீழே முளைத்த கிளை

உங்களில் யார் வீட்டிலாவது கொடி ரோஜா இருக்கிறதா? இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு ஒரு நடை போய், செடியின் அடி மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். தண்டில் ஒரு முண்டு தெரியும். அதுதான் ஒட்டுப் போட்ட இடம். அதற்கு மேலே வருவதெல்லாம் ரோஜா. அதற்குக் கீழேயிருந்து ஒரு கிளை வந்தால் அது வேருக்காக வைத்த காட்டுச் செடியின் கிளை. எவ்வளவு அழகாக வளர்ந்தாலும் இரக்கம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். இதை அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று எழுத முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

நம்புவது எங்கள் வீட்டு வழக்கமே இல்லை. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். காப்பியடிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்கிற கண்ணை வீட்டுக்கு வந்தும் கழற்றி வைக்க மாட்டாள். மண்ணெண்ணெய் டின்னில் ஆணியால் கோடு கிழித்து வைத்திருப்பாள். பால்காரர் கறக்க உட்காருவதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தையற்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுத்தால், வெட்டி மிஞ்சிய துண்டு திரும்பி வந்தாக வேண்டும். எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆட்டோக்காரர் பழகாத தெருவில் திரும்பினால் இன்றைக்கும் வண்டி நம்பரைக் குறித்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நீங்களும்.

அப்போது விளாங்குடியில் வீடுகள் குறைவு. திண்டுக்கல் ரோட்டில் லாரி போனால் புழுதி எங்கள் வாசல் வரை வந்து இலைகளின் மேல் படியும். எழுபதுகளின் கடைசி அது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் சித்தியை வளர்த்து, டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பியதெல்லாம் அம்மாதான். சித்திக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. சித்தி போகிற இடமெல்லாம் நானும் போவேன். அவள் என் தலையைப் பின்னினால் வலிக்காது. அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு அந்த வயதில் அன்பு என்றால் அந்த வித்தியாசம்தான்.

பக்கத்து வீட்டில் அம்மாவின் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் இருந்தார். எனக்கு அத்தை முறை. அத்தையின் தம்பிக்கு விவசாய இலாகாவில் வேலை. மலையில் ஒரு தோட்டப் பண்ணையில் சில வருடம் இருந்துவிட்டு மாற்றலாகி அக்கா வீட்டுக்கே வந்திருந்தார். அவரைச் செடி மாமா என்றுதான் கூப்பிடுவேன். நகத்துக்குள் எப்போதும் மண் இருக்கும். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவர் ஒட்டுப் போடுகிற மடக்குக் கத்தியை வைத்திருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் செடியைப் பற்றித்தான்.

சித்தியை அவருக்குக் கேட்டார்கள். ஒரே சபை, ஒரே தெரு, நல்ல வேலை. ஆனாலும் அம்மா மூன்று மாதம் விசாரித்தாள். அவர் வேலை பார்த்த மலைக்கே இன்லேண்ட் லெட்டர் போட்டு விசாரித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதிலேயும் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது. கடைசியில் சித்தியின் டிரெயினிங் முடிகிற மே மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். இடையில் ஒன்றரை வருடம் இருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லோர் முன்னாலும் அறிவிப்பது அது. அம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

“ஓலை வாசிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசக்கூடாது. செவுத்துக்கு அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நாம. பெறகு ஊரு ஒரு வார்த்த சொல்லிரக் கூடாது.”

சித்தி தலையை ஆட்டினாள். மாமாவும் ஆட்டினாராம்.

பேச முடியாத மனுஷன் என்ன செய்வார்? செடி கொடுத்தார். ஒரே தாய்ச் செடியிலிருந்து முளைக்கண் எடுத்து இரண்டு கொடி ரோஜா ஒட்டுக் கட்டி, ஒன்றை அக்கா வீட்டிலும் ஒன்றை எங்கள் வீட்டிலும் காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் தன் கையாலேயே நட்டார். அப்பா காளவாசல் வெல்டிங் பட்டறையில் சொல்லி கேட்டுக்கு மேலே ஓர் இரும்பு வளைவு போட்டார். கல்யாணத்தன்று அந்த வளைவு முழுக்கப் பூத்திருக்க, அதற்குக் கீழே சித்தி வெள்ளைச் சேலையில் நடந்து காரில் ஏற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மா ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

முதல் கிறிஸ்மஸுக்கே பதினோரு பூ பூத்தது. வெளிறின ரோஸ் நிறம், நடுவில் மட்டும் கொஞ்சம் அழுத்தம். மூக்கை வைத்தால் டீத்தூள் டப்பாவைத் திறந்த வாசனை லேசாக வரும். பதினொன்று என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அம்மா காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் எண்ணுவாள்.

அதற்குப் பிறகு அந்தச் செடிக்கு நடந்த ராஜ உபசாரம் எங்களுக்கு நடந்ததில்லை. சனிக்கிழமை மீன் கழுவின தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை கறி கழுவின தண்ணீர், முட்டை ஓடு, டீ வடிகட்டின சக்கை. காக்காய் சுற்றிச் சுற்றி வரும். வாசலில் நின்றால் மீன் மார்க்கெட்டில் நிற்கிற வாடை. “ரோஜாச் செடியா, இல்ல சிங்கம் கிங்கம் வளக்குறீங்களா?” என்று அப்பா கேட்டார். அவர் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.

ஆவணி மழை ஒன்று பெய்தது. ஒரு வாரத்தில் அடியிலிருந்து ஒரு புதுக்கிளை கிளம்பியது. கட்டைவிரல் தண்டி, இளம்பச்சை, முள் அதிகமில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாண் போலப் போனது. நாங்கள் கொண்டாடிவிட்டோம். அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். “எம்புட்டுச் செழிப்பு பாத்தீங்களா? எல்லாம் எங்கைராசி.” அந்தக் கிளையின் இலைக்காம்பில் ஏழு ஏழு இலை. பழைய கிளைகளில் ஐந்துதான். நான் அதை எண்ணிச் சொன்னேன். “ரெண்டு இலை கூடுதலா? கேட்டீங்களாங்க!” என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். கூடுதலாக வந்தால் நல்லது என்று நினைக்கிற வீடு.

ஐப்பசியில் கவாத்து. அப்பா கத்தரியைப் பிடிக்க, அம்மா விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். “இந்த நோஞ்சானெல்லாம் சத்த உறிஞ்சித் திங்குது. வெட்டுங்க.” முந்தின வருடம் பூத்த மெல்லிய கிளைகள் எல்லாம் கீழே விழுந்தன. தடித்த கிளையை மட்டும் வளைவின் மேல் படரவிட்டுக் கட்டினோம். பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கிழித்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வெட்டினதைக் கூட்டி அள்ளிப் போட்டதும் நான்தான்.

இரண்டாம் கிறிஸ்மஸ் வந்தது. அத்தை வீட்டுச் செடி சுவருக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் வளைவில் இலை மட்டும். பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக, பச்சைப் பசேல் என்று, ஒரு மொட்டு இல்லாமல்.

ஜனவரி முழுக்க அம்மா பொறுத்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செடியைச் சுற்றி வந்தாள். பரீட்சை ஹாலில் சுற்றுகிற அதே நடை. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏங்க, அது நம்ம செடிதானா?”

“பெறகு யார் செடி?”

“கிறிஸ்மஸ் லீவுல நாலு நாளு ஊருக்குப் போயிருந்தோம்ல. மாத்திட்டாகளோன்னு பாக்குறேன்.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “வளைவு மேல ஏறிக் கெடக்குற கொடிய நாலு நாள்ல எப்புடி மாத்துவாக?”

“செடியப் பத்திப் படிச்சவுகளுக்கு அதெல்லாம் ஒரு விசயமா? அடியில அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வச்சிருந்தேன். இப்பக் காணோம்.”

எம்பிராய்டரி நூல் அது. எங்கள் வேப்பமரத்து அணில் துணிக்கொடியில் காய்கிற கோணிப்பையைக்கூட இழை இழையாக உருவிக்கொண்டு போகும். அதை யாரும் நினைக்கவில்லை. சித்தி மட்டும் தட்டைப் பார்த்தபடியே, “அவுக அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாகக்கா” என்றாள்.

“ஒனக்கு எப்புடித் தெரியும்? பேசுனியா?”

சித்தி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எங்கள் வீட்டில் யாருக்காகவாவது பரிந்து பேசினால் அந்தச் சந்தேகம் பேசினவர் மேலேயே திரும்பிவிடும்.

சந்தேகம் செடியோடு நின்றிருந்தால் போகட்டும். அது கல்யாணத்துக்கு ஏறியது. அத்தை ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினால் எதற்காக இன்றைக்கு என்று அம்மா யோசித்தாள். அங்கே இரண்டு பேர் சிரித்தால் எங்களைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். “நல்லத தனக்கு வச்சுக்கிட்டு சொத்தைய நம்ம தலையில கட்டுறவன், நாளைக்கு இவளுக்கு என்னத்தச் செய்வான்? ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு இது தெரிஞ்சாகணும்.” ஈஸ்டருக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. சித்தி எதையும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது அந்த நாட்களில்தான்.

அம்மா என்னைக் கூப்பிட்டுக் காவல் வைத்தாள். “செடிகிட்ட யாரு வாராக, என்ன செய்யிறாகன்னு பாத்து எங்கிட்ட மட்டும் சொல்லணும். பொய் சொன்னா தெரியும்ல?” நிலைக்கு மேலே அவளுடைய பிரம்பு இருந்தது. வகுப்பில் எந்தத் தப்பை மன்னித்தாலும் பொய்யை மட்டும் மன்னிக்க மாட்டாள். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். வகுப்பு லீடர் ஆனது போலத் திரிந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு மணல்வாரி போட்டது. உடம்பெல்லாம் செக்கச்செவேல் என்று பொரிந்து, கண் எரிந்து, காய்ச்சல் கொதித்தது. சித்திக்குப் பரீட்சைக்குப் படிக்கிற லீவு, அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள அவள் இருந்தாள். வாசல் அறையில் வேப்பிலையைச் சுற்றிப் போட்டு என்னைக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலின் கீழ்க் கதவு சாத்தியிருக்கும், இடுக்கு வழியாகக் கேட்டும் செடியும் தெரியும்.

ஒரு மத்தியானம் கேட்டின் கொண்டியை எடுக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கேட்டைத் திறந்தது சித்தி. உள்ளே வந்தது செடி மாமா. அவர் நேரே செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்தார். சித்தி தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

“சீக்கிரம் முடிங்க. நாலு மணிக்கு அக்கா வந்துரும்.”

“மேலோட வெட்டுனா திரும்ப மொளைக்கும். வேர்ல சேர்ற எடம் வரைக்கும் தோண்டிக் கிழிச்சு எடுக்கணும். இது காட்டுக் கிளை. ஒட்டுலயிருந்து ஒரு சின்னக் குருத்து இன்னும் உசுரோட இருக்கு, பாருங்க. இத எடுத்துட்டா அது பொழச்சுக்கிரும்.”

“மே மாசத்துக்குள்ள பூக்குமா?”

“நாலு பூவாச்சும் காட்டிரலாம்.”

மாமா கத்தியை விரித்தார். அப்போது தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி அடித்தது. சித்தி, “போங்க போங்க” என்றாள். மாமா மண்ணை மூடக்கூட நேரமில்லாமல் கத்தியோடு வெளியே போனார். கிளையில் ஒரு வெட்டுத்தான் விழுந்திருந்தது.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். குடையை மடக்குவதற்குள் பறித்த மண்ணைப் பார்த்துவிட்டாள். சித்தி அடுப்படியிலிருந்து வந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அம்மா அவளைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“யாரு வந்தா?”

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “செடி மாமா வந்தாரு. மண்ணத் தோண்டுனாரு. கத்தி வச்சிருந்தாரு.”

“சித்தி எங்க இருந்தா?”

காய்ச்சலிலும் என் மூளை என்னமாய் வேலை செய்தது! பேசக்கூடாது என்ற கண்டிஷன் எனக்கும் தெரியுமே. சித்தி மாட்டிக்கொள்ளக் கூடாது.

“சித்தி உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு.”

அம்மாவிடம் உண்மையும் சொல்லியாயிற்று, சித்தியையும் காப்பாற்றியாயிற்று. எனக்கு அப்படி ஒரு பெருமை. சித்தியைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள். அடிக்க இல்லை, கோபம் வந்தால் கைக்கு அது வேண்டும். அத்தையும் மாமாவும் வெளியே வந்தார்கள். அப்பா, “வெளக்கு வைக்கிற நேரத்துல எதுக்கு” என்று முனகினார், யார் காதிலும் விழவில்லை.

“தம்பி, எங்க செடிகிட்ட ஒங்களுக்குக் கத்தியோட என்ன வேலை?”

“அது காட்டுக் கிளைக்கா. ஒட்டுக்குக் கீழ மொளைச்சிருக்கு. அது பூக்காது. எடுத்து விட்டுரலாம்னு வந்தேன்.”

“இம்புட்டுச் செழிப்பா இருக்குற கிளையவா? காட்டுக் கிளையா? எனக்குக் காது குத்தாதீங்க. யாரக் கேட்டு கேட்டத் தொறந்து உள்ள வந்தீங்க?”

மாமா எங்கள் வாசலைப் பார்த்தார். சித்தி கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். பதில் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

“யாரையும் கேக்கலக்கா” என்றார் மாமா.

“கேட்டுக்கங்க டீச்சர்! ஆம்பள இல்லாத நேரம், வயசுப் பொண்ணு தூங்குற வீடு, கத்தியோட உள்ள வந்திருக்காரு ஒங்க தம்பி!”

அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. “வார்த்தைய அளந்து பேசுங்க டீச்சர். திருடன்னு சொல்லுறீகளா?”

“நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கிறீங்க.”

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் அத்தையே போதகரிடம் போய், தம்பியைத் திருடன் என்று சொன்ன வீட்டில் பெண் எடுக்க மாட்டோம், ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, “தப்பிச்சோம்” என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். எனக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. உடம்பைத் துடைத்துவிட சித்தி கொல்லையில் வேப்பிலைத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி பரீட்சையில் பாஸாகி ஒரு பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் வார்டனாகப் போனாள். வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றாள். அம்மா அதற்கும் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. எங்கள் வளைவில் கடைசிவரை பச்சை இலைதான். ஒரு பூவைக்கூடக் கண்ணால் பார்க்காமல் அம்மா அதற்குப் பத்து வருடம் மீன் தண்ணீர் ஊற்றினாள். அவள் கண்ணை மூடிய பிறகு குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குறை அவளுடையதுதான் என்று நாற்பது வருடம் சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் கே.கே. நகரில் இருக்கிறேன். ரிட்டையர் ஆன சித்தி என்னோடுதான் இருக்கிறாள். போன வருடம் மாடிக்கு ஒரு ரோஜா வாங்கலாம் என்று நர்சரிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் செடியை என் கையில் கொடுத்துவிட்டு, “ஒட்டுக்குக் கீழ இருந்து தழைஞ்சு வந்தா கிழிச்சுப் போட்டுருங்கம்மா. அது காட்டுக் கிளை. ஏழு ஏழு இலையா நல்லா மதமதன்னு வரும், ஏமாந்துராதீங்க” என்றாள். செடியை வாங்காமலே வந்துவிட்டேன்.

சித்தி ஹாலில் அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “சித்தி, செடி மாமா அன்னைக்குச் சொன்னது நெசம்தான் போல.”

“நெசம்தான். ஒரு சீட்டெழுதி அவுகள வரச் சொன்னதே நான்தானே. நாலு பூ பூத்துட்டா அக்காவுக்குச் சந்தேகம் தீந்துரும்னு நெனச்சேன்.”

“அப்ப ஏன் சித்தி நீ சொல்லல? நான்தான் வரச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பேசுனதுக்குத் திட்டியிருக்கும். கல்யாணம் நின்னுருக்காதுல்ல?”

அவள் நிமிராமல் அடுத்த காயை எடுத்தாள்.

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ நான் தூங்குறேன்னு சொல்லிட்ட. நான் முழிச்சிருந்தேன்னு சொன்னா நீ சொன்னது பொய்யின்னு ஆயிரும். ஒங்கம்மா கையில பெரம்பு இருக்கு. ஒனக்கு ஒடம்பு பூரா மணல்வாரி, தொட்டாலே அழுவ. காய்ச்சல் எறங்கட்டும், அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

காயை ஒடித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

“ஒனக்குக் காய்ச்சல் எறங்க ஆறு நாளாச்சுடி.”